சிசரோவின் புகழை நிலைநிறுத்தியது வரலாறா, பேச்சுப் பள்ளியா?

கேள்வி: கோத்தகிரித் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்து வருகிறேன். பேச்சுப்போட்டிகளுக்கு மாணவர்களைப் பழக்குவதும் என் பொறுப்பில் இருக்கிறது. அண்மையில் பயிற்சிக்காக ஜான் சல்லிவனைத் தலைப்பாகக் கொடுத்தேன். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்தபோது 1819இல் இம்மலைக்கு வந்து, எங்கள் ஊரை ஒட்டிய திம்பட்டியில் தங்கி, பின்னர் உதகையில் கல் பங்களாவைக் கட்டி, ஏரியையும் உருவாக்கியவர் அவர் என்பதால், தகவல் திரட்டுவதில் பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்காது என்று எண்ணினேன்.

பேசிய அனைவரும் ஒரே தடத்தில் சென்றனர். வழியற்ற காடு, முதல் ஆங்கிலேயக் குடியிருப்பு, ஏரி, காய்கறிப் பயிர்கள், இறுதியில் ‘நவீன நீலகிரியின் தந்தை’ என்ற பட்டம், அதன்மேல் ஒரு கைதட்டல். தோடர்களின் நில உரிமைக்காக மேலதிகாரிகளிடம் வாதாடியவர் அவர் என்பதையும், அதே மலையில் பெருமளவு நிலத்தைத் தாமே வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல ஒருவருக்கும் வாய்ப்பு அமையவில்லை. பிறகு பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எதிர்ப்பக்கம் பேசச் சொன்னேன். அவள் தனக்குத் தரப்பட்ட நேரத்திற்குள் அவரை நிலம் வளைத்தவராக மட்டுமே நிறுத்திக் காட்டினாள். அதற்கும் குறையாத கைதட்டல் கிடைத்தது. பேச்சு என்ற அளவில் எல்லாமே நன்றாக இருந்தன. ஆனால் நாற்பது பிள்ளைகள் அமர்ந்து கேட்ட அந்த வகுப்பில், சல்லிவனைப் பற்றி இனி நினைவில் நிற்கப்போவது எது என்ற கவலை எனக்குள் புகுந்துவிட்டது.

இந்தக் கவலையோடு பண்டைய ரோமானியரின் பேச்சுக்கலைக் கல்வியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அங்கே சிறுவர்கள் ரோமானியச் சர்வாதிகாரி சுல்லாவுக்கும், ரோமை எதிர்த்த கார்த்தேஜ் படைத்தலைவன் ஹானிபலுக்கும், ரோமானிய அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவுக்கும் அறிவுரை சொல்வதுபோலப் பேசிப் பழகினார்கள் என்று அறிந்தேன். பல தலைமுறைகள் தொடர்ந்து இப்படி ஒரு பயிற்சி நடந்திருந்தால், அந்தத் தலைவர்களைப் பற்றி இன்று நாம் அறிந்துள்ளவற்றில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு வகுப்பறையில் உருவானது? சிசரோ சான்றோர், அவருடைய அரசியல் எதிரி மார்க் ஆண்டனி குடிகாரர் என்ற தீர்ப்பை முதலில் எழுதியவர்கள் வரலாற்றாசிரியர்களா, பேச்சு ஆசிரியர்களா? விவரம் அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.


மறுமொழி: ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர், குன்னூர்

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்டிருப்பது ஒரு பெரிய கேள்வி. நல்லவேளையாக, இதற்கு விடை தேடுவதற்குரிய சான்றுகள் அந்தக் காலத்திலிருந்தே எஞ்சியிருக்கின்றன.

முதலில் அந்தக் கல்வியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் ஆசிரியரிடம் தொடங்கிய சிறுவன், பிறகு இலக்கண ஆசிரியரிடம் கவிதைகளைப் படித்து, பதின்பருவத்தில் பேச்சுக்கலை ஆசிரியரிடம் வந்து சேர்வான். அங்கே பயிற்சியின் உச்சமாக இருவகைப் பேச்சுகள் இருந்தன. சுவாசோரியா என்பது, வரலாற்றிலோ புராணத்திலோ வரும் ஒருவர் முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் நிற்கும்போது அவருக்கு அறிவுரை கூறும் பேச்சு. கான்ட்ரவெர்சியா என்பது கற்பனையாக அமைக்கப்பட்ட ஒரு வழக்கில் ஏதேனும் ஒரு தரப்பை எடுத்து வாதாடும் பேச்சு. அலெக்சாந்தர் பெருங்கடலுக்குள் கப்பல் செலுத்தலாமா, தெர்மோப்பிலேயில் நின்ற முந்நூறு ஸ்பார்ட்டா வீரர்கள் பின்வாங்கலாமா என்பவை சுவாசோரியாவுக்குரிய தலைப்புகள். தாமும் பிரம்படிக்குக் கை நீட்டியவர்தாம், பதவியைத் துறந்து நிம்மதியாகத் தூங்குமாறு சுல்லாவுக்கு அறிவுரை சொன்னவர்தாம் என்று அங்கதக் கவிஞர் ஜூவனல் தம் முதல் கவிதையிலேயே எழுதுகிறார். படித்த ரோமானியர் எவரும் அதைக் கேட்டவுடன் தம் பள்ளிப் பருவத்தை நினைத்துக்கொண்டிருப்பார்.

சிசரோவுக்கு வருகிறேன். அவர் கி.மு. 43 டிசம்பர் 7 அன்று கொல்லப்பட்டார். தலையும் கையும் வெட்டப்பட்டு, அவர் எந்த மேடையில் நின்று பேசினாரோ அதே மேடையில் வைக்கப்பட்டன. அடுத்த தலைமுறைக்குள்ளேயே அந்த இறுதி நாட்கள் பள்ளித் தலைப்பாகிவிட்டன. கொர்டோபாவில் பிறந்த மூத்த செனெகா, தம் இளமையில் கேட்ட பேச்சாளர்களின் சொற்களை முதுமையில் நினைவிலிருந்து திரட்டித் தம் மூன்று மகன்களுக்காக ஒரு தொகுப்பு எழுதினார். அதில் எஞ்சியுள்ள ஏழு சுவாசோரியாக்களில் இரண்டு சிசரோவைப் பற்றியவை. உயிர்ப்பிச்சை கேட்டு ஆண்டனியிடம் மன்றாடலாமா என்பது ஒன்று. தம் எழுத்துகளை எரித்துவிட்டால் உயிரோடு விடுவதாக ஆண்டனி வாக்களித்தால் எரிக்கலாமா என்பது மற்றொன்று.

இரண்டாவது தலைப்பில் எதிர்ப்பக்கம் பேசிய ஒருவரைக்கூடத் தாம் அறியவில்லை என்று செனெகா குறிப்பிடுகிறார். எல்லோரும் சிசரோவின் நூல்களுக்காகவே கவலைப்பட்டனர், சிசரோவுக்காகக் கவலைப்பட்டவர் எவரும் இல்லை என்பது அவருடைய கூற்று. அம்மா, இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். இரு பக்கமும் பேசப் பழக்குவதற்கென்றே ஏற்பட்ட பயிற்சி அது. அதிலேயே ஒரு மனிதர் விஷயத்தில் ஒரு பக்கம் முழுவதும் காலியாகிவிட்டது. ‘எரித்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு பதினாறு வயதுச் சிறுவன்கூடப் பயிற்சிக்காகச் சொல்லத் துணியவில்லை. அப்படிச் சொன்னால் கைதட்டல் கிடைக்காது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். அஞ்சியும் தயங்கியும் ஓடிய வயது முதிர்ந்த ஓர் அரசியல்வாதி, இறப்புக்கு அஞ்சாத எழுத்தின் வடிவமாக மாறியது இந்த வகுப்பறைகளில்தான் என்பது என் உறுதியான கருத்து.

இதைவிடத் தெளிவான சான்று பொப்பிலியஸ் கதை. தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பொப்பிலியஸை சிசரோ வாதாடி விடுவித்தார், பின்னாளில் அதே பொப்பிலியஸ் ஆண்டனியின் ஆணைப்படி சிசரோவைக் கொன்றான் என்பது ஒரு கான்ட்ரவெர்சியாவின் கதைச்சுருக்கம். தந்தைக் கொலை, நன்றி கொன்ற பாவம், குருதி படிந்த கை என்று ஒரு பேச்சாளருக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் பொப்பிலியஸ்தான் கொன்றார் என்று எழுதிய வரலாற்றாசிரியர்களே சிலர்தாம் என்றும், அவர்கள்கூட ஏதோ தனிப்பட்ட வழக்கில் சிசரோ அவருக்கு உதவியதாகத்தான் சொல்கிறார்கள் என்றும், தந்தைக் கொலைக் குற்றச்சாட்டு பேச்சாளர்கள் விரும்பிச் சேர்த்துக்கொண்டது என்றும் செனெகாவே எழுதிவைத்திருக்கிறார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, வாழ்க்கை வரலாறுகள் எழுதிய கிரேக்கரான புளூடார்க் சிசரோவின் வரலாற்றை எழுதும்போது, தந்தைக் கொலை வழக்கில் சிசரோவால் காப்பாற்றப்பட்ட பொப்பிலியஸ் என்றே எழுதுகிறார். வகுப்பறைக்காகச் சேர்க்கப்பட்ட சரக்கு வரலாற்று நூலுக்குள் குடியேறியதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் அரிய இடங்களில் இது ஒன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று ஆட்சியைக் கைப்பற்றியிருந்து, சிசரோவின் பெயரைக் கொலைப் பட்டியலில் சேர்க்க ஒப்பிய மூவருள் இளம் ஆக்டேவியனும் ஒருவர். இரண்டு நாட்கள் மறுத்து, மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்தார் என்று புளூடார்க் சொல்கிறார். அந்த ஆக்டேவியன்தான் பின்னர் அகஸ்டஸ் என்ற பெயரில் நாட்டை ஆண்டார். செனெகா கேட்ட பேச்சாளர்களுள் பலர் அவர் ஆட்சியில் பேசியவர்கள். ‘ஆக்டேவியனிடம் மன்றாடலாமா’ என்ற தலைப்பு அந்தத் தொகுப்பில் இல்லை. கி.மு. 31இல் ஆக்டியம் போரில் தோற்று, மறு ஆண்டு மடிந்துபோன ஆண்டனிமேல் பழி முழுவதையும் சுமத்துவதில் யாருக்கும் ஆபத்தில்லை. சிசரோ உயர உயர ஆண்டனி தாழ்ந்தார். ஆண்டனி தாழத் தாழ அகஸ்டஸின் கையிலிருந்த கறை கழுவப்பட்டது. எந்த ஆணையும் இல்லாமலேயே ஆசிரியர்கள் தலைப்பைத் தேர்ந்தெடுத்த விதமே இந்த வேலையைச் செய்துவிட்டது.


மறுமொழி: வாசகர், கூடலூர்

பேராசிரியர் ஐயாவின் விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆயினும் பள்ளிக்கு அவர் அளவுக்கு மீறிய ஆற்றலைக் கொடுத்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. சிசரோவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட உரைகளும் நூற்றுக்கணக்கான கடிதங்களும் நம் கையில் இருக்கின்றன. தம் புகழுக்கு வேண்டிய அடித்தளத்தை அவர் தாமே போட்டுக்கொண்டார். ரோமானிய ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற கேட்டலைன் என்பவரின் சதியை முறியடித்த கி.மு. 63ஆம் ஆண்டைப் பற்றி அவர் தாமே எத்தனை முறை எழுதினார், பிறரை எழுதச் சொல்லி எப்படி வேண்டினார் என்பது அவர் கடிதங்களிலேயே தெரிகிறது. பள்ளி அவரைப் பிற்காலத்தில் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மேலும், எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்பதும் சரியன்று. அசினியஸ் பொல்லியோ என்ற வரலாற்றாசிரியர் சிசரோவின் புகழுக்குக் கடும் பகைவராகவே இருந்தார் என்று அதே செனெகா சொல்கிறார் அல்லவா? ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியும் சிசரோவை முழுமையாகப் புகழவில்லை. தமக்கு நேர்ந்த துன்பங்களில் இறப்பு ஒன்றைத் தவிர வேறு எதையும் ஆண்மகனுக்குரிய முறையில் அவர் தாங்கவில்லை என்பது லிவியின் மதிப்பீடு. ஆக, வகுப்பறைக்கு வெளியே உண்மையான விவாதம் நடந்துகொண்டுதான் இருந்தது.


மறுமொழி: ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர், குன்னூர்

கூடலூர் நண்பர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பொல்லியோவின் வரலாற்று நூலும், லிவியின் அந்தப் பகுதியும் நமக்கு எப்படிக் கிடைத்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பொல்லியோவின் வரலாறு முழுமையாக அழிந்துவிட்டது. லிவி சிசரோவின் மரணத்தை எழுதிய புத்தகமும் அழிந்தது. நீங்கள் மேற்கோள் காட்டிய வரிகள் பிழைத்திருப்பதற்குக் காரணமே, ‘ஆண்டனியிடம் மன்றாடலாமா’ என்ற பயிற்சித் தலைப்பின்கீழ் செனெகா அவற்றைத் தம் மகன்களுக்காக எடுத்து எழுதியதுதான். மாற்றுக்குரல்கூடப் பள்ளியின் வாசல் வழியாகத்தான் நம்மை வந்தடைந்திருக்கிறது. ஆண்டனியை எதிர்த்துத் தாம் எழுதிய உரைகளைத் தாமே மறுத்துவிடுவதாகச் சிசரோ அவருக்கு வாக்களித்ததாகப் பொல்லியோ ஓர் உரையில் குற்றம் சாட்டினார். தம் வரலாற்று நூலில் அதைச் சேர்க்க அவரே துணியவில்லை என்று செனெகா கண்டிக்கிறார். நூல்களை எரிக்கலாமா என்ற தலைப்பைப் பள்ளிக்குக் கொடுத்தது பொல்லியோதான் என்பதும் செனெகாவின் கருத்து.

கடிதங்களைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு வேறொரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறது. 1345இல் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், வெரோனா நகரில் சிசரோ தம் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார். சிறு வயது முதல் சிசரோவைத் தலைமேல் வைத்துப் போற்றிய அவர், அக்கடிதங்களில் தென்பட்ட தடுமாற்றத்தையும் சச்சரவுகளையும் கண்டு மனம் வெதும்பி, என்றோ மறைந்த சிசரோவுக்கே ஒரு கடிதம் எழுதினார். முதுமைக்குரிய அமைதியை விட்டு ஏன் அந்தப் பூசல்களில் இறங்கினீர்கள் என்று அதில் கேட்கிறார். சிசரோ தம் கைப்பட எழுதிய சொற்களே பெட்ரார்க்கின் மனத்திலிருந்த சிசரோவுக்கு முரணாக இருந்தன. அந்த மனச்சித்திரத்தைப் பெட்ரார்க் வரை கொண்டுவந்து சேர்த்தது எது? ‘சிசரோ என்பது ஒரு மனிதரின் பெயரன்று, நாவன்மையின் பெயர்’ என்று எழுதிய குயின்டிலியன், ரோமானியப் பேரரசன் வெஸ்பாசியனிடம் ஆண்டுக்கு ஒரு லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் ஊதியம் பெற்ற பேச்சுக்கலை ஆசிரியர் என்பதை மறக்க வேண்டாம்.


மறுமொழி: முதுகலை இலக்கிய மாணவி, உதகை

ஐயா, நான் ஆண்டனியின் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்க விரும்புகிறேன். புகழ்வதற்கும் பழிப்பதற்கும் அந்தப் பள்ளிகளில் தனித்தனியாகச் சட்டகம் இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த, ஆசிரியர் பெயர் உறுதியாகத் தெரியாத ‘ஹெரென்னியஸுக்கு எழுதிய பேச்சுக்கலை’ என்ற கையேடு, ஒருவரைப் புகழவோ பழிக்கவோ வேண்டுமானால் குலம், கல்வி, செல்வம், பதவி போன்ற புறநிலைகளையும், பிறகு உடலையும், பிறகு உள்ளத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதே தலைப்புகளை நேராகப் பிடித்தால் புகழ், தலைகீழாகப் பிடித்தால் வசை. இந்தப் பயிற்சியில் ஊறிய ஒருவர் எதிரியைத் தாக்கும்போது, எதிரியின் வாழ்க்கையைத் தேடிப் போவதற்கு முன்பே குற்றச்சாட்டுகள் தயாராக இருக்கும்.

ஆண்டனி இரவு முழுவதும் ஒரு திருமண விருந்தில் குடித்துவிட்டு, மறுநாள் பொது அவையில் பதவிக் கடமையாற்றும்போது எல்லோர் முன்னிலையிலும் வாந்தி எடுத்தார் என்ற காட்சியைச் சிசரோ, பிலிப்பிக் எனப்படும் ஆண்டனிக்கு எதிரான தம் உரைகளுள் இரண்டாவதில் எழுதினார். மடியெல்லாம், மேடையெல்லாம் மது நாற்றம் வீசும் உணவுத் துணுக்குகள் சிதறியதுவரை அவர் விவரிக்கிறார். கி.மு. 44இல் ஆட்சிமன்றத்தில் நின்று பேசியதுபோல எழுதப்பட்ட அந்த உரை, உண்மையில் ஒருபோதும் பேசப்படவில்லை. எழுத்தாகப் பரவியது மட்டுமே. அதைச் ‘தெய்வீகமானது’ என்று ஜூவனல் பாராட்டும் அளவுக்குப் படித்தவர் மனத்தில் அது இடம்பிடித்திருந்தது. புளூடார்க்கின் ஆண்டனி வரலாற்றில் அதே விருந்தும் அதே வாந்தியும் நடந்த செய்தியாக வருகின்றன. வசை உரை பாடமாகி, பாடம் வாழ்க்கை வரலாறாகிய பாதை இது. கி.மு. 55இல் பிசோ என்பவரைத் தாக்கியபோதும் சிசரோ அவர் வாயில் வீசிய மது நெடியைத்தான் எடுத்தார். ஆண்டனி குடிக்காதவர் என்று நான் சொல்லவரவில்லை. தம் குடிப்பழக்கத்தைப் பற்றி அவரே ஒரு நூல் எழுதி வெளியிட்டார் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி கூறுகிறார். அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. தம் தரப்பை அவர் எப்படி எடுத்து வைத்தார் என்று பார்க்க வழியில்லாமல் போனது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

சிசரோவும் இதிலிருந்து தப்பவில்லை. வரலாற்றாசிரியர் சல்லஸ்ட் எழுதியதாக வழங்கும் ‘சிசரோவுக்கு எதிரான வசை’ என்ற சிற்றுரை ஒன்று உண்டு. அது பள்ளிப் பயிற்சியாக யாரோ எழுதியது என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து. ஆனால் குயின்டிலியனே அதைச் சல்லஸ்டின் சொந்த எழுத்தாகக் கருதி மேற்கோள் காட்டுகிறார். கலையின் பேராசானாலேயே பயிற்சியையும் மெய்யான பகையையும் பிரித்தறிய முடியவில்லை என்றால், சாதாரண வாசகர் என்ன செய்திருக்க முடியும்?

நம் பட்டிமன்றத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். காரைக்குடியில் 1939இல் கம்பன் கழகத்தைச் சா. கணேசன் தொடங்கியதிலிருந்து, செஞ்சோற்றுக் கடன் தீர்த்த கும்பகருணனா, அறத்தின் பக்கம் சென்ற வீடணனா என்பது போன்ற வழக்குகள் எத்தனையோ மேடைகளில் பேசப்பட்டுவிட்டன. கம்பனைப் பாட்டாகப் படித்திராதவரும் கும்பகருணனிடம் ஒரு பரிவோடு இருப்பதற்கு இந்த மேடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் நம் மேடையில் இரண்டு அணிகளும் கட்டாயம் உட்கார்ந்திருக்கின்றன, நடுவர் எழுந்து தீர்ப்புச் சொல்லித்தான் ஆக வேண்டும். செனெகாவின் பேச்சாளர்களுக்கு நடுவர் என்று ஒருவர் இல்லை. எது அதிகக் கைதட்டல் பெற்றதோ அதுவே நின்றது.


தொடர் கேள்வி: கோத்தகிரித் தமிழாசிரியை

பேராசிரியர் ஐயாவுக்கும், கூடலூர் ஐயாவுக்கும், உதகைத் தங்கைக்கும் மனமார்ந்த நன்றி. பொப்பிலியஸ் செய்தியை நாளையே ஆசிரியர் அறையில் சொல்லப்போகிறேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். தங்கள் வகுப்பறைகளில் இப்படிப் புகழும் பழியும் விளைவதை அந்த ஆசிரியர்களே உணர்ந்திருந்தார்களா? உணர்ந்திருந்தால் அதற்கு என்ன செய்தார்கள்? பிள்ளைகளைப் பேசப் பழக்குகிறவள் என்ற முறையில் எனக்கு இதுதான் முதன்மையான கேள்வி.


மறுமொழி: செண்பகனூர் வாசகர், கொடைக்கானல்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் இருப்பது பழனி மலையில், செண்பகனூரில். 1895இல் இயேசு சபையினர் இங்கே தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் மதிலை ஒட்டி நடக்கும்போதெல்லாம் இந்தப் பொருள் என் நினைவில் ஓடும். 1599இல் அச்சபையார் வகுத்த கல்வித் திட்டத்தில் பேச்சுக்கலைக்கென்று ஒரு வகுப்பு இருந்தது, அதற்குத் தலையாய முன்மாதிரியாகச் சிசரோ வைக்கப்பட்டார். ரோமானியப் பள்ளியின் சிசரோ எவ்வளவு காலம், எவ்வளவு தொலைவு நடந்து வந்திருக்கிறார் என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிட்டேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உணர்ந்திருந்தார்கள் என்பதே என் விடை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. கொடுங்கோலனைக் கொன்றவனுக்குப் பரிசு, கொள்ளைநோய்க்குப் பரிகாரம் என்று நடைமுறை வாழ்க்கையில் காண முடியாத தலைப்புகளில் பிள்ளைகள் காலத்தைக் கழிக்கிறார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸின் உரையாடல் நூலில் ஒருவர் குறைப்படுகிறார். குயின்டிலியனும் தலைப்புகள் மெய்யான வழக்குகளை ஒத்திருக்க வேண்டும் என்கிறார். பேசப்படும் மனிதருக்கு நீதி கிடைக்கிறதா என்ற கோணம் அவர்களிடம் மங்கலாகவே தென்படுகிறது. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஓடு, பிள்ளைகளை மகிழ்வித்துப் பள்ளிப் பேச்சாக மாறு என்று ஹானிபலைப் பார்த்து ஜூவனல் பாடிய வரி இந்தக் கோணத்துக்கு மிக நெருங்கி வருகிறது. இத்தாலியைப் பல ஆண்டுகள் நடுங்கவைத்த படைத்தலைவனுக்குக் கடைசியில் மிஞ்சியது அதுதான் என்று அவர் கண்டுகொண்டார்.

சிசரோவுக்கு எதிர்ப்பக்கம் பேச ஆள் இல்லை என்று பேராசிரியர் ஐயா எழுதினார். குயின்டிலியன் அந்த இடத்தில் ஒரு வழி காட்டுகிறார். ஆண்டனியிடம் மன்றாடுமாறும், பிலிப்பிக் உரைகளை எரித்துவிடுமாறும் சிசரோவுக்கு அறிவுரை சொல்ல நேர்ந்தால், உயிராசையைக் காரணமாகக் காட்டாமல், நாட்டுக்காகத் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள் என்கிறார். ஆளை அறிந்து, அவர் எந்தக் காரணத்துக்குச் செவிகொடுப்பார் என்று எண்ணிப் பேசச் சொல்கிற அறிவுரை இது. எதிர்ப்பக்கம் பேசும் மாணவனும் அந்த மனிதரை உள்ளிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் பத்தாம் வகுப்பு மாணவிக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

மனச்சான்று வெளிப்படையாகக் குத்திய ஆசிரியர் என்றால், பின்னாளில் கிறிஸ்தவப் புனிதராகப் போற்றப்பட்ட அகஸ்டினைத்தான் சொல்வேன். கி.பி. 384இல் அவர் மிலான் நகரத்தின் பேச்சுக்கலை ஆசிரியராக அமர்ந்தார். அரசவை அங்கே இருந்ததால், ஆட்சியில் இருந்த பேரரசனைப் புகழ்ந்து பேசுவதும் அவருக்கு வந்த வேலைகளுள் ஒன்று. அப்படி ஒரு புகழுரையைத் தயாரித்துக்கொண்டிருந்த நாளைப் பற்றி அவர் தம் தன்வரலாற்றில் எழுதியிருப்பதைப் படித்தால் நெஞ்சு கனக்கும். அதில் நிறையப் பொய் சொல்ல வேண்டியிருந்தது, பொய் என்று அறிந்தவர்களே அதைப் பாராட்டியிருப்பார்கள் என்கிறார். அந்தக் கவலையோடு தெருவில் நடந்தபோது, குடித்துவிட்டு மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரனைப் பார்த்து, தம்மைவிட அவன் நல்ல நிலையில் இருக்கிறான் என்று நண்பர்களிடம் சொல்லிப் பெருமூச்சு விட்டார். புகழ் கட்டித் தருகிறவரே அதன் உட்புறத்தை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டியது பழைய எழுத்துகளில் அரிது.

அவர் உடனே வேலையை விட்டுவிடவில்லை. கி.பி. 386இல், திராட்சை அறுவடை விடுமுறைக்குச் சில நாட்களே இருந்தன. மாணவர்களை இடையில் விட்டுச் செல்லாமல் அதுவரை பொறுத்திருந்தார். நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வேறு அவரை வாட்டின. விடுமுறை முடிந்ததும், தங்கள் மாணவர்களுக்கு வேறொரு சொல் வணிகரைத் தேடிக்கொள்ளுமாறு மிலான் நகரத்தாருக்குத் தெரிவித்துவிட்டார்.